இழுத்துப் பார்க்கிறவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத்தில் வருகிற எதையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கம்பெனியில் அவரோடு இருந்தவர்களில் இன்று நான் ஒருவன்தான் பேனா பிடிக்கிற நிலையில் இருக்கிறேன். ஒற்றை ஆள் சாட்சியத்தில் தம் பெயர் அச்சேறுவதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாங்கள் கூப்பிட்டபடி மாஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மாஸ்டர் அரியலூருக்கு வந்தது 1949-ஆம் வருஷம் தை மாதம். என் டைரியில் ‘திங்கள், காலை ரயில்’ என்று எழுதி, பிறகு திங்களை அடித்துச் செவ்வாய் என்று திருத்தியிருக்கிறேன். எதற்காகத் திருத்தினேன் என்பது நினைவில்லை. திருத்துகிறவன் யோசித்துத்தான் திருத்தியிருப்பான் என்று நம்பிச் செவ்வாய் என்கிறேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் மின்சாரக் கம்பி இழுக்கும் காண்ட்ராக்ட் கம்பெனி அது. ஊருக்கு வெளியே கொட்டகைகள் போட்டுத் தங்கியிருந்தோம். நான் ஸ்டோர் ரைட்டர். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஆட்களைப் பழக்குவதற்காக மாஸ்டரை எடுத்திருந்தார்கள். பாடாலூர்ப் பக்கத்துக்காரர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது.

மேனேஜர் அவரை உட்காரச் சொன்னார். மாஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு காலாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது கால் கையோடு வந்துவிட்டது.

“ரெண்டு வருஷமா அதுலதான்யா நான் உக்காந்துட்டு இருந்தேன்” என்றார் மேனேஜர்.

“ரெண்டு வருஷமா நீங்க விழல, அவ்வளவுதாங்க” என்றார் மாஸ்டர். காலைச் சுவர் ஓரமாகச் சாத்திவிட்டு நின்றபடியே வேலைக்குரிய விவரங்களைக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மேனேஜர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் கையை ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டே மெல்ல இறங்குவார். ஏழு மாதம் பார்த்திருக்கிறேன்.

இந்த இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவருடைய வேலையோடு நிற்கவில்லை. ஓட்டலில் பெஞ்சை ஆட்டிப் பார்ப்பார். மாட்டு வண்டியில் ஏறும் முன் அச்சாணியை இழுத்துப் பார்ப்பார். வண்டிக்காரன் சிரித்தால், “நீங்க பாத்திருப்பீங்க. நான் பாக்கலியே” என்பார். கிணற்றில் குளிக்கப் போனால் வாளிக் கயிற்றைப் பாதி தூரம் வெளியே எடுத்து விரலால் தடவிக்கொண்டே நிற்பார். பின்னால் குடத்தோடு பெண்கள் வரிசை கட்டி நின்று அவர் காதுபடவே பேசுவார்கள். செந்துறையில் எங்கள் மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்ட கையோடு மாஸ்டர் பந்தல் காலை ஒரு இழுப்பு இழுத்தார். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் கட்டியிருந்த வாழை மரம் தாரோடு சாய்ந்து தவில்காரர் மடியில் உட்கார்ந்தது.

“யாருய்யா இவரு, மாப்பிள்ளை வூட்டுக்காரரா?” என்று தவில்காரர் கேட்டார்.

“எலக்ட்ரிக் கம்பெனிங்க” என்றேன்.

“கரண்டு வர்றதுக்கு முந்தியே இப்பிடியா?”

மாஸ்டர் அந்த வாழையை நிமிர்த்தி, கயிறு வாங்கி, தாமே இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுத்தான் பந்திக்கு வந்தார். அதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை கேட்டேன். மாசி மாதம், ஸ்டோரில் கயிறு அளந்துகொண்டிருந்தபோது. அளப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “பர்மாவுல ஒருத்தன் ‘நான் பாத்துட்டேன், ஏறலாம்’னான். நானும் சரின்னு இன்னொருத்தனை ஏறச் சொன்னேன்.” கயிற்றின் நுனிக்கு வந்து, ‘நாப்பத்திரண்டு முழம், எழுதிக்குங்க’ என்றார். எழுதிக்கொண்டேன்.

பயிற்சிக்கு ஒரு கோபுரம் வேண்டும் என்று வந்த வாரமே கேட்டார். நாற்பதடிச் சவுக்கு மரங்கள் நான்கை நட்டு, இடையில் குறுக்குக் கட்டைகள் கொடுத்து, உச்சியில் மின்கம்பத்தில் இருப்பது போலவே ஒரு குறுக்குக் கை வைத்து, நாலா பக்கமும் இழுகம்பி இழுத்து முளையடித்துக் கட்டுவது. ஏறுகிறவன் வெளிப்பக்கமாக ஏற வேண்டும். உள்ளே ஒரு ஏணி. அதில் மாஸ்டர் பின்னாலேயே போய், மேலே ஆள் கட்டிய பீங்கானை, மின்கம்பியைத் தாங்கும் அந்த வெள்ளைக் குமிழை, தாமே இழுத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்து ‘இருக்கு’ என்று சொன்னால்தான் அந்த ஏற்றம் கணக்கில் சேரும். இதெல்லாம் அவர் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிய விதிகளில் இருந்தன. ஏறுகிற ஆளைத் தவிர வேறு எவரும் கோபுரத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிற்கக் கூடாது என்பதும், மேலே இருப்பவனோடு கீழிருந்து ஒருவர் மட்டுமே பேச வேண்டும் என்பதும், வாயில் வெற்றிலையோடு ஏறக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. கடைசியில் சொன்னதற்காகப் பின்னால் பெரிய சண்டையே நடந்தது.

ஆனால் முதல் சண்டை இடத்தைப் பற்றி. கொட்டகைகளுக்குப் பின்னால், பனை மரங்கள் நின்ற மேட்டில், சுண்ணாம்புக்கல் கலந்த கெட்டித் தரையைக் காட்டினார் மாஸ்டர். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. பெரிய எஞ்சினீயர் திருச்சியிலிருந்து பரிசோதனைக்கு வரும்போது ஆபீஸ் நிழலில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். ஆபீசுக்கு முன்னால் இருந்தது சுத்தமான கரிசல்.

“மழை பெஞ்சா இந்த மண்ணு பாகு மாதிரி ஆயிடும்ங்க. காஞ்சா வெடிக்கும். முளை நிக்காது” என்றார் மாஸ்டர்.

“சித்திரையிலதான்யா எஞ்சினீயர் வராரு. மழைக்கு யாரு டெலிகிராம் குடுத்தது?”

கோபுரம் ஆபீசுக்கு முன்னால் நின்றது. ‘இந்த இடம் என் விருப்பத்துக்கு மாறானது’ என்று மாஸ்டர் பயிற்சிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தினமும் காலையில் நான்கு முளையையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் யாரையும் கிட்டே விடுவார்.

ஏறுவதற்கு வந்த எட்டுப் பேரும் பனையேறிகள். மதுவிலக்கு எங்கள் ஜில்லாவுக்கு வந்த பிறகு மரம் ஏற முடியாமல் வேலையில்லாமல் இருந்தவர்கள். ஏறத் தெரிந்தவர்கள் தாமே, இவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும் என்று கம்பெனி நினைத்தது. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மூத்தவர் சவரிமுத்து, வரதராசன்பேட்டைப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். மச்சான் வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார். பரிசோதனையில் தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போக வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“இது என்னங்க, குட்டிப் பனையாட்டம் இருக்கு. இதுக்கா மூணு மாசம்?”

“பெல்ட்டைக் கட்டிக்குங்க, சொல்றேன்” என்றார் மாஸ்டர். மேனேஜர் அந்த எட்டுப் பேரையும் டேய் என்று கூப்பிடுவார். மாஸ்டர் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

முதல் வாரம் முழுக்க அவர்களை ஏற விடவில்லை. விழக் கற்றுக்கொடுத்தார். மணலைக் கொட்டி, நான்கடி உயரத்தில் பெல்ட்டோடு தொங்கவிட்டு, கையையும் காலையும் விடச் சொன்னார். பெல்ட் தாங்குகிறது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டுமாம்.

“முப்பது வருஷமா விழாம இருக்கறதுக்குப் பழகியிருக்கேன்” என்றார் சவரிமுத்து, காற்றில் ஆடிக்கொண்டே. “நீங்க விழறதுக்குப் பழகச் சொல்றீங்க. எங்க வூட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க.”

“சொல்லாதீங்க. இன்னொரு தடவை விடுங்க.”

வெற்றிலைச் சண்டை இரண்டாவது வாரம். வெற்றிலை இல்லாமல் எட்டுப் பேருக்கும் கால் எழவில்லை. துப்புவதற்குத் தலையைத் திருப்புகிறவன் கையைப் பார்க்க மாட்டான் என்பது மாஸ்டர் வாதம். கடைசியில் மேலே போய்த் துப்பாமல் விழுங்கிக்கொள்கிறோம் என்று சமாதானத்துக்கு வந்தார்கள். மாஸ்டர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ‘விழுங்கும்போது இருமல் வரும்’ என்று எழுதி மறுத்துவிட்டார்.

ஆனால் அவர்கள் சொன்ன ஒன்றை அவர் உடனே ஏற்றார். பனையேறி தன் தளைநாரை, அதாவது ஏறும்போது இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நார் வளையத்தை, அடுத்தவன் காலுக்குக் கொடுக்க மாட்டான். அண்ணன் தம்பியானாலும் கொடுக்க மாட்டான். அது போல பெல்ட்டையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். ஸ்டோரில் ஐந்து பெல்ட்தான் இருந்தது. மாஸ்டர் மேனேஜரோடு மல்லுக்கட்டி இன்னும் மூன்று வரவழைத்தார். “தன் சாமானைத் தானே பாத்துக்கறவன் வழக்கம் அது. நான் எழுதின எல்லாத்தையும் விட நல்ல விதி” என்று என்னிடம் சொன்னார்.

பங்குனி முடிவதற்குள் ஏழு பேர் பெயருக்கு எதிரே ‘சரி’ என்று எழுதிவிட்டார். சவரிமுத்துவுக்கு மட்டும் ‘இன்னும் இல்லை.’ ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் உச்சிக்குப் போனதும் அவருடைய இடது கை தானாகப் போய் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றிவிடும். பனை மட்டைகளுக்கு நடுவே நுழைகிறவனுக்கு முப்பது வருஷம் எதுவும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பழகிய கை அது. கழற்றியது அவருக்கே தெரியாது. கீழே வந்து சொன்னால், “நானா?” என்பார்.

“இன்னும் இல்லைங்க” என்பார் மாஸ்டர்.

“அந்த ரெண்டு வார்த்தையைத் தவிர உங்களுக்கு வேற தெரியாதா? எஞ்சினீயர் வரதுக்குப் பத்து நாளுதான் கெடக்கு.”

“கையிக்குச் சொல்லுங்க.”

சித்திரையில் எஞ்சினீயர் வந்தார். முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கோடை மழை. ‘ஒரு மணி நேரம், பெரிய துளி’ என்று டைரியில் இருக்கிறது. காலையில் ஆபீஸ் முன்னால் செருப்போடு நடந்தவன் செருப்பு இல்லாமல் திரும்பினான். மேனேஜர் பலகைகள் போட்டு எஞ்சினீயரை அழைத்து வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் கடிகாரம், பிற்பகல் ரயிலுக்கே திரும்ப வேண்டும்.

“ஆரம்பிக்கலாமே” என்றார் எஞ்சினீயர்.

“இன்னிக்கு ஏறக் கூடாதுங்க” என்றார் மாஸ்டர். “மழைக்கு அப்புறம் முளையைத் திரும்ப அடிக்கணும். மண்ணு காயணும்.”

மேனேஜர் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். “டேய், நீ ஏறுடா. வேலை வேணுமா வேணாமா?”

சவரிமுத்து கோபுரத்தைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “வேணும்ங்க. மாஸ்டர் இழுத்துப் பாக்கட்டும். அவரு சொன்னா ஏறறேன்.”

மாஸ்டர் சேற்றில் இறங்கிப் போய் முதல் முளையைப் பிடித்து இழுத்தார். அவர் எப்போதும் இழுக்கிற அளவுதான். முளை அப்பமாட்டம் வெளியே வந்தது. அவர் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தார். மடியில் முளை. கோபுரம் ஒரு முனகல் முனகி ஆபீஸ் பக்கமாக ஒரு சாண் சாய்ந்து நின்றது. எஞ்சினீயர் பலகையில் இரண்டடி பின்வாங்கினார். மாஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “ரைட்டர், எழுதிக்குங்க. முதல் முளை, இல்லை” என்றார்.

எஞ்சினீயர் கெட்டிக்காரர். மேனேஜரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடினார். பிறகு மேட்டிலிருந்த பனைகளைக் காட்டினார். “கம்பமா இருந்தா என்ன, மரமா இருந்தா என்ன? ஒருத்தர் ஏறி ஒரு பீங்கானைக் கட்டிட்டு வரட்டும். மாஸ்டர் யாரை அனுப்பறாரோ அனுப்பட்டும். அதை வச்சு எட்டுப் பேருக்கும் எழுதிடறேன். தப்பாப் போச்சுன்னா எட்டுப் பேருக்கும் இல்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

ஏழு பேர் பெயருக்கு எதிரே ‘சரி’ இருந்தது. மாஸ்டர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “சவரிமுத்து, வாங்க” என்றார்.

மற்றவர்கள் முகம் போன போக்கை நான் எழுத வேண்டியதில்லை. ஒருவன், “மாஸ்டருக்குச் சேறு தலைக்கேறிடுச்சு” என்றே சொன்னான். “இழுத்துப் பாத்தாதான் ஏறுவேன்னு சொன்னது அவரு ஒருத்தருதான்” என்றார் மாஸ்டர்.

மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மரத்தையும் நான்கு பக்கம் நின்று தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் விட்டார். சவரிமுத்து பெல்ட்டோடு, தோளில் பீங்கான் கட்டிய கயிற்றோடு, தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறினார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மட்டைகளுக்குக் கீழே போய் நின்றதும் இடது கை கொக்கிக்குப் போனது. கீழே எட்டுக் குடும்பத்தின் சோறு நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ்காரர் வந்தார். மதுவிலக்குக்காகக் காடுமேடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தவர். பனையில் ஆள் இருப்பது அரை மைல் தூரத்திலேயே தெரிந்திருக்கும். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“இறங்குடா. பட்டப்பகல்ல கள்ளு எறக்கறியா?”

“கோட்டுக்கு வெளிய நில்லுங்க” என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

“நான் போலீசுய்யா.”

“பீங்கான் விழுந்தா போலீசுன்னு பாத்தா விழும்? கோட்டுக்கு வெளிய. பேசாதீங்க.”

போலீஸ்காரர் காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். எஞ்சினீயரைக் கண்டதும் இன்னும் ஒரு எட்டு.

மேலே சவரிமுத்து கொக்கியின் மேல் வைத்த கையைத் தாமே குனிந்து பார்த்தார். வேறு யாரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி மரத்தின் மேல் வைத்தார். மட்டை முகத்தில் குத்த, பெல்ட்டில் சாய்ந்தபடியே பீங்கானைக் கட்டி முடித்தார். இறங்கி வந்ததும் அவர் பேசிய முதல் பேச்சு போலீஸ்காரரிடம்: “மோந்து பாத்துக்குங்க சாமி, வெத்தலை கூட இல்லை.”

எஞ்சினீயர் பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷங்க” என்றார் மாஸ்டர். “மேல கட்டினதை நான் பாக்கல.”

“நான் பாத்தேனே” என்றார் எஞ்சினீயர்.

“கீழேருந்து பாத்தீங்க.”

பனையில் ஏணி கிடையாது. மாஸ்டர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். பனையில் அவர் ஏறி ஒருவரும் பார்த்ததில்லை. பாதத்துக்கு என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது சவரிமுத்து குனிந்து தம் காலிலிருந்த தளைநாரைக் கழற்றினார். மற்ற ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் அதை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் வாங்கி, அங்கேயே நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

சவரிமுத்து சிரித்தார். “இழுங்க, நல்லா இழுங்க.”

மாஸ்டர் ஏறியதை ஏற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு முழம் போவார், நிற்பார், பெல்ட்டை இழுப்பார், மரத்தைத் தட்டுவார், அடுத்த முழம். கோட்டுக்கு வெளியே நின்று சவரிமுத்துதான் அவரோடு பேசினார். வேறு யாரையும் பேச விடவில்லை. “கையைப் பாருங்க. தரையைப் பாக்காதீங்க. நல்லாத்தான் வரீங்க.” பாதி மரத்தில் இருக்கும்போது ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. எஞ்சினீயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் போட்டார். மேனேஜர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எஞ்சினீயர் அதன் முதுகைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் மட்டைகளுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “இருக்கு.”

போலீஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்பாடா. இனி இறங்கிடுவாரு.”

“எங்க?” என்றார் சவரிமுத்து. “ஏறுனதுல ரெண்டு பங்கு நேரம் ஆகும்ங்க. இறங்கறப்ப எல்லாத்தையும் திரும்ப ஒருக்கா இழுத்துப் பாப்பாரு.”

எஞ்சினீயர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். அந்தக் கால்கள் இன்னும் ஒரு சாண் கூட நகரவில்லை. என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி, முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, “அப்ப நேரம் இருக்கு. எட்டுப் பேரும் வரிசையா வாங்க” என்றார். சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். “முதல்ல நீங்க. உங்க பேரு என்ன?”